ஒன்பதாம் வரிசையில் ஐந்தாவது

பெயின்ற் மேல்நோக்கி வடியுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் நஸீர் மேசன். மன்னார்த் தாராபுரத்துக்காரர். பத்துப் பதினைந்து நாளைக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் ஊர்ச் சேமக்காலையில் வைத்துக் கேட்டார். என் மனைவிக்குக் கல்லறை கட்டுவதற்காக நான்தான் அவரைக் கூட்டிப்போயிருந்தேன். அவர் கையில் அளவு நாடா. என் கையில் குடை. சோளகக் காற்று அந்தக் குடையைப் பிடித்து என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

வடியாது, இதென்ன கேள்வி என்றேன். கொஞ்சம் எரிச்சலோடுதான். வெயிலில் நிற்க வைத்து விடுகதை போட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அவர் வரிசையின் தலைப்பில் நட்டிருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கறுப்புப் பெயின்றில் IX என்று எழுதியிருந்தது. ஒன்பது. ரோம எண்.

இந்த ரோம எண் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முன்பே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்தவன். வகுப்பு III இல் சேர்ந்தேன். வகுப்பு I இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தொரு வருடத்தில் என்னிடமிருந்து இரண்டு கோடுகளைக் கழித்துவிட்டு, அதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வைத்தார்கள். கோப்பு, சுற்றுநிருபம், பின்னிணைப்பு – எல்லாவற்றிலும் இந்தக் கோடுகளும் பெருக்கல் குறிகளும்தான். L ஐம்பது, C நூறு, D ஐந்நூறு, M ஆயிரம். எத்தனை பெரிய இலக்கமாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன்.

என் மனைவி றோசலினுக்கு இதெல்லாம் பகிடி. பத்தை எழுத ஒரு பெருக்கல் குறி, ஐந்தை எழுத ஒரு பிளந்த தடி, இதை வாசிக்கத்தானோ அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் தந்தது என்று கேட்பாள்.

ஆனால் அவளுக்கும் பதினாலு வரை தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவருக்கும் தெரியும். எப்படி? கோயில் சுவரில் சிலுவைப் பாதைப் படங்கள் இருக்கின்றனவே... ஒவ்வொன்றுக்கும் மேலே ரோம எண். தவசு காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் I இல் தொடங்கி XIV வரை முழங்கால் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு எண் மறக்குமா? பதினைந்தைக் காட்டினால் மட்டும் முழிப்பார்கள்.

இதைப் பயன்படுத்திக்கொண்டார் முன்பு இங்கே இருந்த பங்குச்சாமியார். ரோமாபுரியில் படித்துவிட்டு வந்தவர். பேசாலைக்கு அப்பால் கடலோரத்தில் கிடக்கும் எங்கள் சின்ன ஊரின் சேமக்காலையில் அப்போது ஒழுங்கென்று ஒன்றும் கிடையாது. ஆளாளுக்கு விரும்பிய இடத்தில் அடக்கம். சாமியார்தான் கயிறு பிடித்து வரிசை போட்டு, வாசலில் இருந்து கடல் பக்கமாக ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பலகை நட்டார். I, II, III என்று XIV வரை போனார். அதற்குள் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

ஊர்ச்சனம் எண்ணைச் சொல்லாது. படத்தைத்தான் சொல்லும். "எங்கட அப்பு வெரோனிக்கா வரிசையில" என்றால் ஆறாம் வரிசை. நாலாம் வரிசைக்குத் தாயைச் சந்திக்கிற வரிசை என்று பெயர். XIV இல் ஆண்டவரை அடக்கம் செய்கிறார்கள் அல்லவா... அந்த வரிசையில் இடம் வேண்டுமென்று உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

றோசலினுக்கு இடம் கிடைத்தது ஒன்பதாம் வரிசையில். ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற வரிசை.

போன வருடம் ஆவணியில் அவளை அடக்கம் செய்தோம். அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது ஆட்களின் முதுகுகள் மட்டும்தான். கூட்டத்துக்குப் பின்னால் போனேன். யாரோ கதிரை போட்டார்கள், இருந்தேன். யாரோ கையைப் பிடித்து மண் போடச் சொன்னார்கள், போட்டேன். எந்தப் பக்கத்தால் போனோம், பக்கத்தில் யாருடைய கல்லறை... ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் குறித்தேன்: IX – 5. ஒன்பதாம் வரிசை, ஐந்தாவது மேடு. கந்தோர்ப் பழக்கம். கோப்பு இலக்கத்தைக் குறித்து வைத்துவிட்டால் கோப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் மகள் என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்றரை மாதம் மாடிவீட்டில் இருந்தேன். நல்லாகத்தான் பார்த்தாள், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் எனக்கு அங்கே மூச்சு விட முடியவில்லை. தைமாதம் திரும்பி வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால், மாரிமழையும் காற்றும் சேமக்காலையைப் புரட்டிப் போட்டிருந்தன. மரச்சிலுவைகள் எல்லாம் விழுந்து, யாரோ பொறுக்கி மதிலோரம் குவித்திருந்தார்கள். பெயர்கள் அழிந்துவிட்டன. வரிசைப் பலகைகளிலும் நாலைந்துதான் மிச்சம். நல்ல காலம், IX நின்றது. பலகையடியில் இருந்து எண்ணினேன். ஐந்தாவது மேட்டில் சிலுவை இல்லை. புதிதாக ஒன்று செய்வித்து, றோசலின் என்று எழுதி, நானே ஊன்றினேன்.

அடுத்த வரிசைப் பலகையைப் பார்த்து அன்றைக்குச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. IIX என்று இருந்தது. இப்படி ஓர் எண்ணே கிடையாது! எட்டென்றால் VIII. பத்துக்கு முன்னால் இரண்டு கோடு போட்டு எட்டாக்கியிருக்கிறான் யாரோ ஒரு மொக்கன் என்று எண்ணிக்கொண்டேன். ஒன்பதுக்கு அப்பால், கடல் பக்கத்தில், எட்டு எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன்தான். சாமியார் கடலில் இருந்து எண்ணியிருப்பார் என்று அதற்கும் நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். படித்தவனிடம் விளக்கத்துக்கா பஞ்சம்?

அன்று தொடங்கி ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு அங்கே போனேன்.

ஏன் போனேன் என்று கேட்கிறீர்களா? கதைக்கத்தான். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் எழும்பி, ஒரு சுண்டு அரிசி போட்டு, ஒரு கோப்பையைக் கழுவி, ரேடியோவைப் போட்டு, நிற்பாட்டி... மத்தியானம் தாண்டிய பிறகுதான் இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். மகள் இரவு எட்டு மணிக்கு எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ என்பாள். ஓம், ஓம் என்பேன். அது கதை இல்லை.

சேமக்காலையில்தான் கதைத்தேன். மீன் விலை, மகளின் முகம் வாடியிருந்தது, என்னுடைய புளிக்கறி ஏன் அவளுடையது மாதிரி வருவதில்லை... எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு நாலு மாதம் எடுத்தது.

அதை இன்றைக்கு உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நீங்கள் கிழமைதோறும் பத்திரிகையில் வாசிக்கும் இந்தப் பத்தி செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் ஆசிரியருக்குப் போய்ச் சேர வேண்டும். றோசலின் மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாளும் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை முகம் தெளிந்திருந்தாள். கஞ்சி குடித்தாள். மத்தியானம் நான் மெதுவாக, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை என்றேன். அவளுக்குப் புரிந்தது. முப்பது வருடமாகப் புரிந்த விஷயம்தானே.

"ஓம், போட்டு வாங்கோ" என்றாள்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். எழுதினேன். படம் பிடித்துப் போனில் அனுப்பினேன். நல்லாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு சந்தோஷம். திரும்பிப் போகும்போது மணி ஐந்து. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அவள் போய் முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

அந்தப் பத்தி ஆஸ்பத்திரித் தேநீரைப் பற்றியது. வயிறு குலுங்கச் சிரித்தோம் என்று உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதங்களை நான் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை.

இதைத்தான் வைகாசியில் ஒரு நாள், அந்த மேட்டுக்குப் பக்கத்தில் மணலில் இருந்து, வாய் விட்டுச் சொன்னேன். உன்னை விட்டுவிட்டுப் போனது பிழை, மன்னித்துக்கொள் என்றேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. சொன்ன பிறகு நெஞ்சு இலேசாகிவிட்டது. அன்று இரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது நஸீர் மேசனிடம் திரும்பி வருகிறேன். ஓராண்டு நினைவுக்கு மகள் வருகிறாள். அதற்கு முன்னர் சீமெந்தில் கல்லறை கட்டிவிடுவது இங்கத்தைய வழக்கம். அதற்குத்தான் அவர் வந்தார். வந்தவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"எனக்கு இந்த இலக்கம் வாசிக்கத் தெரியாது சேர்" என்றார். "ஆனா பெயின்ற் கீழதான் வடியும். இதில மேல வடிஞ்சிருக்கு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் நுனியிலிருந்தும் மெல்லிய கறுப்பு ஒழுக்கு. எல்லாம் வானத்தைப் பார்த்து ஓடியிருந்தன.

தலையைச் சாய்த்தேன். இடுப்பை வளைத்தேன். கடைசியில் இந்த வயதில், ஒரு மேசனுக்கு முன்னால், கிட்டத்தட்டக் கவிழ்ந்து நின்று பார்த்தேன்.

XI.

உங்களிடம் கடதாசி இருந்தால் IX என்று எழுதித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பதினொன்று ஆகிவிடும். பத்துக்கு இந்தப் பக்கம் நின்ற கோடு அந்தப் பக்கம் போய்விடும். காற்றில் விழுந்த பலகையை யாரோ நல்ல மனதோடு எடுத்துத் தலைகீழாக அடித்துவிட்டிருக்கிறார்கள். பக்கத்து IIX? அதுவும் தலைகீழ்தான். நேராக்கினால் XII. நான் மொக்கன் என்று ஏசிய மனிதன் பன்னிரண்டைச் சரியாகத்தான் எழுதியிருந்தான்.

பகிடி என்னவென்றால், ரோம எண் தெரியாத ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்கவே மாட்டார். வாசலில் இருந்து வரிசைகளைக் காலால் அளந்து எண்ணியிருப்பார். நான்தான் வாசித்துவிட்டேனே!

அந்த நேரம் எனக்குப் பகிடி வரவில்லை. நஸீர் என் கையைப் பிடித்து மதில் நிழலில் இருத்தினார். போத்தல் தண்ணீரை நீட்டினார். அவர்களுடைய மையவாடியில் இலக்கமே கிடையாதாம். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று மீசான் கட்டை இரண்டு நடுவார்கள், அவ்வளவுதான். பிறகு எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டேன். நாலு பேர் சேர்ந்து போவோம் சேர், ஒருத்தருக்காவது தெரியும் என்றார்.

நாலு பேர். நான் எங்கே போவேன் நாலு பேருக்கு?

கோயில் திறப்புக் கொத்தும் பழைய பதிவுப் புத்தகங்களும் மரியதாஸிடம் இருக்கின்றன. கோயிலைக் கூட்டி, மணி அடித்து, எல்லாம் பார்க்கிறவர் அவர்தான். போய்ப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். XI – 5 இல் இருந்த பெயர்: மனுவேல். ஊர் முள்ளிக்குளம். உறவினர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

எனக்கு ஆளைத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. பிரச்சினைக் காலத்தில் ஊரை விட்டு வந்து, திரும்பிப் போகாமல் எங்கள் கரையிலேயே தங்கிவிட்டவர். கிழிந்த வலை பொத்துவார். பின் வரிசைகள் இப்படி வெளியூரில் இருந்து வந்து தனியாகச் செத்தவர்களுக்கென்று விட்ட இடம். றோசலினுக்கு இரண்டு மாதம் முன்னர் போனவர் அவர்.

மனுவேலுக்கு இரண்டு காதும் கேளாது.

கடவுளே... ஏழு மாதம்! என் நெஞ்சில் இருந்த அத்தனையையும் ஒரு காது கேளாத மனிதரிடம் கொட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் கேட்ட மன்னிப்பையும் சேர்த்து.

மரியதாஸ் புத்தகத்தை மூடவில்லை. விரலால் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. முன்பே தெரியுமா என்று கேட்டேன். பங்குனியிலேயே அந்தச் சிலுவையைக் கண்டதாகச் சொன்னார். அம்மாவை அடக்கினது இந்த வரிசையில் இல்லையே என்று அவருக்கும் பட்டதாம்.

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"இலக்கத்தில உங்களைப் பிழை எண்டு சொல்ல ஆருக்கு ஐயா துணிவு?"

சுட்டது. மனுவேலைவிட, பலகையைவிட, இதுதான் எனக்குச் சுட்டது.

தனியாக இருப்பதில் பெரிய கஷ்டம் எது தெரியுமா? சமையல் இல்லை. வருத்தம் வந்தால் பார்க்க ஆள் இல்லாததுகூட இல்லை. நீங்கள் பிழை விட்டால் அது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்ல வீட்டில் ஒருத்தர் இல்லாததுதான். ஊர் மரியாதையாக ஒதுங்கிவிடும். ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விடும். ஒரு பலகையைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு ஏழு மாதம் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். என்னைப் பிழை என்று சொல்ல இந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் நான் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தோடு மூன்று பேரும் போனோம். IX – 4 இல் இருப்பவரின் பெயரை மரியதாஸ் வாசித்தார். அந்தக் கல்லறையை இப்போது கட்டிப் பெயர் பொறித்திருக்கிறார்கள், தேட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில்தான் றோசலின். மனுவேலின் மேட்டில் இருந்து இரண்டே இரண்டு வரிசை. நஸீர் நாடாவை இழுத்துப் பார்த்தார். இருபத்திரண்டு அடி.

மனுவேலின் மேடு சுத்தமாக இருந்தது. நான் கூட்டியது, வெள்ளை மணல் போட்டது, மெழுகுதிரி வைத்தது. என் மனைவியின் மேட்டில் அடம்பன் கொடி படர்ந்து மேடே தெரியவில்லை. ஒரு மெழுகுதிரித் துண்டு இல்லை. சிலுவை இல்லை. யாருமே இல்லாத ஒருத்தியின் இடம் மாதிரிக் கிடந்தது. நான் அழுதேன். இரண்டு பேரும் கொஞ்சத் தூரம் தள்ளிப் போய் நின்றார்கள்.

கொடியைப் பிடுங்கப் போனார் நஸீர். இப்போது வேண்டாம் என்றேன். கல்லறையைப் புதன்கிழமை தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். மனுவேலின் மேட்டில் நான் ஊன்றிய சிலுவையைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு மாதம் முகம் சுழிக்காமல் கேட்ட மனிதர். பெயரை மட்டும் அழித்து மாற்றி எழுதச் சொன்னேன்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை.

காலையில் கடதாசியை எடுத்து வைத்தேன். விஷயம் கையில் இருக்கிறது, சுவையாக எழுதலாம் என்றுகூட ஓடியது மனம். என்ன பிறவி நான்! பேனாவை மூடினேன். மத்தியானம் இரண்டு மணி வெயிலில், குடையும் இல்லாமல், சேமக்காலைக்குப் போனேன். அடம்பன் கொடியை ஒவ்வொன்றாக நானே பிடுங்கினேன். கை எரிந்தது.

கதைக்க இருந்தேன். வாய் வரவில்லை. மனுவேலிடம் எவ்வளவு சுலபமாக வந்தது! இங்கே வெட்கமாக இருந்தது. பிந்தி வந்த ஆளின் வெட்கம். மூன்று மணி ஆகியது. மூன்றரை ஆகியது. சட்டைப் பையில் போன் அடித்தது. ஆசிரியர். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. நிற்பாட்டி வைத்தேன்.

"றோசி, அண்டைக்கு நான் எழும்பிப் போயிருக்கக் கூடாது."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வைகாசியில் எவ்வளவு நீளமாகச் சொன்னேன், எவ்வளவு அழகாகச் சொன்னேன்... அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இருந்தேன். நாலு மணி தாண்டியது. ஐந்து தாண்டியது. கோயில் மணி அடிக்கும்வரை அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். எங்கேயும் எழும்பிப் போகவில்லை.

போன கிழமை இந்த இடத்தில் என் பத்தி வராதது அதனால்தான். ஆசிரியர் வேறு யாரையோ கொண்டு எழுதுவித்துப் போட்டிருந்தார் – நல்லாக இருந்ததாம்.